வெளியில இருந்து அடி, உள்ள பேசினா துரோகி: நான் என்ன பண்றது?

கேள்வி: நான் பல வருஷமா ஒரு தியான அமைப்புல இருக்கேன். எங்க உறுப்பினர் ஒருத்தர் இறந்தப்ப நடந்த அஞ்சலி பிரார்த்தனைல நாங்க எல்லாரும் அழுதோம், அந்த வீடியோல இருந்து கொஞ்சத்த மட்டும் வெட்டி எடுத்து, திகில் மியூசிக் போட்டு, "மூளைச்சலவை"ன்னு தலைப்பு குடுத்து ஒரு டிவி சேனல்ல ஓட்டிட்டாங்க. அதுலேர்ந்து ரியாக்‌ஷன் வீடியோ, மீம், ஃபேக் ஐடில இருந்து அசிங்கமான மெசேஜ்னு நிக்கவே இல்ல. முகம் தெரியாதவங்க எழுதறதுக்கே இவ்ளோ வலிக்குதே, இத்தனை வருஷம் தியானம் பண்ணி என்ன பிரயோஜனம்னு இருக்கு. சேவைல இருக்கற ஒரு பொண்ணோட போட்டோவ ஆபாசமா மார்ஃப் பண்ணிட்டாங்க. ஒன்பதாவது படிக்கற என் பையன் கண்ண மூடி உக்காந்திருக்கற போட்டோ கிளாஸ் குரூப்ல ஸ்டிக்கரா சுத்துது. எங்க பொறுப்பாளர் அண்ணா தினமும் லிங்க் அனுப்பி "எல்லாரும் போய் பதிலடி குடுங்க, ரிப்போர்ட் அடிங்க"ங்கறார். இதுக்கு நடுவுல, முன்னாடி எங்களோட இருந்த ஒருத்தர், இந்த வீடியோ வர்றதுக்கு முன்னாடியே நன்கொடை கணக்கு கேட்டதுக்காக தன்னை ஒதுக்கிட்டாங்கன்னு எழுதியிருக்கார். அவர எல்லாரும் துரோகிங்கறாங்க. அவர் சொல்றதுல உண்மை இருக்குன்னு எனக்கு தெரியும், அவர் கேட்டப்ப நானும் அங்கதான் இருந்தேன், ஒண்ணும் சொல்லல. தூக்கம் வரல. வீட்டுக்காரர் எல்லாத்தையும் விட்டுட்டு வான்னு சொல்றார். அவருக்கு, அதாவது அந்த முன்னாள் உறுப்பினருக்கு, நான் ஒரு போன் பண்ணலாமா?

பதில்: வணக்கம்மா. சேனல் பண்ணது அநியாயம், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்ல. ஒரு சாவுக்கு அழுதவங்கள காட்டி பைத்தியக்காரங்கன்னு சொல்றது என்ன ஜர்னலிசம்னு தெரியல. ஆனா உங்க லெட்டர்ல "தூக்கம் வரல"ங்கற வார்த்தை சேனல் பக்கத்துல வரல, அந்த கணக்கு கேட்டவர் பக்கத்துலதான் வந்திருக்கு. நீங்க கவனிச்சு எழுதினீங்களா தானா வந்துச்சான்னு தெரியல, நான் அதத்தான் இந்த லெட்டரோட மையமா எடுத்துக்கறேன். அதுக்கு முன்னாடி அவசரமான ரெண்டு விஷயம் இருக்கு, அத முடிச்சிட்டு வரேன்.

மொதல்ல பையன். அவன் கிட்ட கேக்காம நீங்க எந்த ஸ்டெப்பும் எடுக்காதீங்க, குறிப்பா அந்த கிளாஸ் குரூப்ல இருக்கற மத்த பேரன்ட்ஸுக்கு போன் போட்டு சத்தம் போடறது வேண்டவே வேண்டாம், ஏன்னா நாளைக்கு கிளாஸுக்குள்ள போய் உக்காரப்போறது அவன்தான். ஸ்டிக்கர் வந்த இடத்தோட ஸ்க்ரீன்ஷாட்ட தேதி, நம்பர் தெரியற மாதிரி எடுத்து வச்சுக்கோங்க. ஒருத்தர் போன்ல சேவ் ஆன ஸ்டிக்கர நம்மால திரும்ப வாங்க முடியாது, அந்த உண்மைய அவன்கிட்டயும் மறைக்காம சொல்லிடுங்க, "எல்லாத்தையும் அழிச்சிடலாம்"னு சொல்லிட்டு முடியலைன்னா உங்க மேல இருக்கற நம்பிக்கையும் போகும். கிளாஸ் டீச்சர தனியா பாருங்க, அவன எழுந்து நிக்க வச்சு "இவன யாரும் கிண்டல் பண்ணக்கூடாது"ன்னு சொல்லிடாதீங்கன்னு முன்கூட்டியே கேட்டுக்கோங்க, நல்ல எண்ணத்துலதான் செய்வாங்க, ஆனா அது இன்னொரு ரவுண்டு கிண்டலுக்கு ஆரம்பம். போன புடுங்கி வைக்காதீங்க. என்கிட்ட வர்ற பசங்கள்ல பாதி பேர் வீட்ல சொல்லாம இருக்கறதுக்கு காரணமே, சொன்னா மொதல்ல போகப்போறது போன்தான்ங்கற பயம்.

இன்னொன்னு, இது கொஞ்சம் கஷ்டமா இருக்கும். அந்த தியான அமைப்ப தேர்ந்தெடுத்தது நீங்க, அவன் இல்ல. "நம்ம வழிக்காக தைரியமா நில்லுடா"ன்னு அவன் தலைல ஒரு போராட்டத்த ஏத்தாதீங்க. "அது எங்கம்மா போற இடம், நான் ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல"ன்னு அவன் ஸ்கூல்ல சொன்னா அது உங்கள விட்டுக்குடுக்கறது இல்லன்னு நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க, பெரிய பாரம் இறங்கும் அவனுக்கு. ஸ்கூலுக்கு போகமாட்டேன்னு அடம், சாப்பாடு குறையறது, ரூம விட்டு வெளிய வராம இருக்கறது, "நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்" மாதிரி பேச்சு, இதுல எது வந்தாலும் காத்திருக்காதீங்க, நேரா ஒரு குழந்தை மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. அந்த கடைசி மாதிரி பேச்சு வந்தா அன்னைக்கே.

அடுத்து அந்த பொண்ணு. 18 வயசு தாண்டினவங்கன்னா ஸ்டாப்என்சிஐஐன்னு (StopNCII.org) ஒரு இலவச சேவை இருக்கு, படத்த யாருக்கும் அனுப்ப வேண்டியதில்ல, அவங்க போன்லயே அந்த படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை மாதிரி குறியீடு உருவாக்கி அந்த குறியீடு மட்டும்தான் போகும், அதுல சேர்ந்திருக்கற ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி தளங்கள் அதே படம் ஏறினா கண்டுபிடிச்சு தடுக்க பார்ப்பாங்க. 18க்கு கீழன்னா அதே மாதிரி டேக் இட் டவுன்னு ஒண்ணு இருக்கு. தனிப்பட்ட மெசேஜ்ல கைமாறறத இது தடுக்காது, அதனால சைபர் போலீஸ் புகாரும் கட்டாயம் குடுக்கணும். புகார் குடுக்கப் போறப்ப அந்த பொண்ணு தனியா போகாம பார்த்துக்கோங்க. அப்புறம், இப்படி நேரத்துல நிறைய அமைப்புகள்ல நடக்கறது என்னன்னா, "பிரச்சனை அடங்கற வரைக்கும் நீ கொஞ்ச நாள் முன்னாடி நிக்காதம்மா"ன்னு பாதிக்கப்பட்டவங்களயே ஓரங்கட்டுவாங்க, பாதுகாப்புக்குன்னு பேரு. அத யாராவது ஆரம்பிச்சா நீங்க அங்கயே நிறுத்துங்க. வரணுமா வேண்டாமான்னு அந்த பொண்ணு முடிவு பண்ணட்டும்.

இப்ப உங்க மனசு. முகம் தெரியாத யாரோ எழுதறதுக்கு ஏன் இவ்ளோ வலிக்குது, இத்தனை வருஷம் தியானம் பண்ணி என்ன பிரயோஜனம்னு நீங்க உங்களயே திட்டிக்கறது லெட்டர்ல தெரியுது. கிப்ளிங் வில்லியம்ஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட், கம்ப்யூட்டர்ல மூணு பேர் பந்து தூக்கிப்போட்டு விளையாடற ஒரு சாதாரண கேம வச்சு ஒதுக்கப்படறத பத்தி நிறைய ஆராய்ச்சி பண்ணார், கொஞ்ச நேரத்துல மத்த ரெண்டு பேரும் உங்களுக்கு பந்த போடவே மாட்டாங்க, அவ்ளோதான் விளையாட்டு. அதுக்கே ஆளுங்களுக்கு மனசு விழுந்துடுது. 2004ல வந்த ஒரு ஆய்வுல, எதிர்ல ஆடறது மனுஷங்க இல்ல கம்ப்யூட்டர்தான்னு சொல்லிட்டே ஆட விட்டாங்க, அப்பவும் வலிச்சுது. 2007ல, தான் வெறுக்கற ஒரு இனவெறி கும்பலோட ஆளுங்கதான் தன்னை ஒதுக்கறாங்கன்னு நம்பினப்ப கூட வலி குறையல. அதனால "அவனெல்லாம் ஒரு ஆளா, அவன் சொல்றதுக்கு நாம ஏன் வருத்தப்படணும்"ங்கற ஆறுதல் வேலை செய்யலைன்னா உங்க தியானப் பயிற்சில குறை இல்ல, மனுஷ மனசு அப்படித்தான். காயம் ஆகாம இருக்கறது உங்க கைல இல்ல, ஆனா எத்தனை தடவ படிக்கறீங்கங்கறது உங்க கைலதான் இருக்கு. கமெண்ட் படிக்கற வேலைய இன்னைக்கோட விடுங்க. ஆதாரம் சேக்கணும்னா உங்க வீட்டுக்காரரோ நண்பரோ ஒருத்தர், பாதிக்கப்படாத ஒருத்தர், வாரத்துக்கு ஒரு தடவ உக்காந்து லிங்க், தேதி, ப்ரொஃபைல் முகவரியோட சேவ் பண்ணட்டும். ராத்திரில நீங்க பண்ண வேண்டாம்.

பதிலடி விஷயத்துக்கு வரேன், இதுல அந்த அண்ணாவோட நான் முழுசா முரண்படறேன். கோபமும் தர்மமும் கலந்த வார்த்தைகள், "வெட்கக்கேடு", "பாவிங்க" மாதிரி, ஒரு ட்வீட்ல ஒண்ணு கூடினா அது பகிரப்படறது கிட்டத்தட்ட 20 சதவீதம் கூடுதுன்னு 2017ல ஒரு பெரிய ஆய்வு வந்துது. உங்க ஆளுங்க ஆவேசமா எழுதற கமெண்ட்டும் அந்த கணக்குலதான் சேரும், சேனலுக்கு அது வியூஸ், அவ்ளோதான். நூறு பேர் ஒரே நேரத்துல ஒரே மாதிரி எழுதினா பார்க்கறவனுக்கு "பாத்தியா, சொல்லிக்குடுத்தத எழுதறாங்க"ன்னுதான் தோணும், அதாவது மூளைச்சலவைங்கற குற்றச்சாட்டுக்கு நீங்களே ஆதாரம் தயார் பண்ணிக் குடுக்கறீங்க. கூட்டமா சேர்ந்து ரிப்போர்ட் அடிக்கறத பல தளங்கள் விதிமீறலாதான் பார்க்குது, உங்க அக்கவுன்ட்டே முடங்கலாம். வக்கீல் நோட்டீஸ் விட்டு வீடியோவ தூக்க வைக்கலாம்னு ஒரு பேச்சு கண்டிப்பா வந்திருக்கும். 2003ல அமெரிக்க பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் தன் வீடு தெரியற ஒரு கடற்கரை போட்டோவ எடுக்கச்சொல்லி 5 கோடி டாலர் கேட்டு கேஸ் போட்டாங்க. கேஸுக்கு முன்னாடி அந்த போட்டோவ டவுன்லோட் பண்ணது மொத்தமே 6 தடவ, அதுலயும் 2 அவங்க வக்கீலே. கேஸ் போட்ட அடுத்த மாசத்துல 4 லட்சத்துக்கு மேல ஆளுங்க வந்து பார்த்தாங்க. கேஸும் தள்ளுபடி. சட்டம் வேண்டாம்னு நான் சொல்லல, மார்ஃப் படத்துக்கும் மிரட்டலுக்கும் போங்க, கேலிக்கும் கருத்துக்கும் போகாதீங்க.

அப்ப சும்மா இருக்கறதான்னா, இல்ல. ஒரே ஒரு பதில், ஒரே இடத்துல, அமைப்போட பேர்ல. அது எப்படி இருக்கணும்ங்கறதுக்கு 1994ல வந்த ஒரு ஆய்வு எனக்கு ரொம்ப உதவியா இருந்திருக்கு. ஒரு குடோன் தீப்பிடிச்ச செய்திய ஆளுங்கள படிக்க வச்சாங்க, மொதல்ல அங்க ஒரு அறைல பெயின்ட்டும் கேஸ் சிலிண்டரும் இருந்துச்சுன்னு வரும், அப்புறம் "தவறான தகவல், அந்த அறை காலியாத்தான் இருந்துச்சு"ன்னு திருத்தம் வரும். திருத்தம் படிச்சத நல்லா ஞாபகம் வச்சிருந்தவங்க கூட, ஏன் புகை அவ்ளோ கருப்பா இருந்துச்சுன்னு கேட்டா பெயின்ட்டத்தான் காரணம் சொன்னாங்க. ஆனா, தீய யாரோ வேணும்னே வச்சதுக்கான பொருள் வேற இடத்துல கிடைச்சுதுன்னு மாற்று காரணம் ஒண்ணு குடுத்தப்ப பெயின்ட்ட விட்டுட்டாங்க. "இல்ல"ன்னு மட்டும் சொன்னா அந்த இடம் காலியாவே இருக்கும், பழைய பொய்தான் வந்து உக்காரும். "நாங்க மூளைச்சலவை பண்ணல"ங்கற அறிக்கையால பிரயோஜனம் இல்ல, போதாக்குறைக்கு அந்த வார்த்தைய இன்னொரு தடவ பரப்பினதா ஆகும். "அது இன்ன தேதி நடந்த அஞ்சலி கூட்டம், எங்களோட இருந்த ஒருத்தர் இறந்துட்டார், அதுக்குத்தான் அழுதோம், முழு வீடியோ இதோ" அப்படின்னா அழுகைக்கு காரணம் கிடைச்சாச்சு. ஆனா அத வெளியிடறதுக்கு முன்னாடி இறந்தவரோட குடும்பத்துகிட்ட கேளுங்க. இத்தனை கலாட்டால யாருக்காவது அவங்க ஞாபகம் வந்துச்சா? அவங்க வீட்டு துக்கம்தான் இப்ப ஊரெல்லாம் மீமா ஓடுது. அவங்க வேண்டாம்னா முழு வீடியோவ போடாதீங்க, தேதியும் காரணமும் மட்டும் போதும்.

சேனலுக்கு எழுதறப்பவும் அதே மாதிரி. எடிட்டருக்கு, ஒரு பக்கத்துக்குள்ள, எந்த நிமிஷத்துல எந்த வரி தப்பு, சரியான தகவல் என்ன, ஆதாரம் என்ன, திருத்தத்த அதே நிகழ்ச்சில அதே முக்கியத்துவத்தோட போடுங்கன்னு கேளுங்க. "எங்க மனசு புண்பட்டுடுச்சு"ன்னு ஆரம்பிச்சா படிக்கவே மாட்டாங்க, தகவல் பிழைக்குத்தான் திருத்தம் போடுவாங்க, தொனிக்கு போடமாட்டாங்க. பதில் வரலைன்னா உங்க நாட்டுல ஒளிபரப்பு புகாருக்குன்னு இருக்கற அமைப்புக்கு அதே லெட்டர அனுப்புங்க, இதுக்கெல்லாம் பெரும்பாலும் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீங்க.

இனி நீங்க சொல்ல பயப்படற இடம். மீடியா தப்பா காட்டுதுங்கறது சில சமயம் முழு உண்மை, சில சமயம் ஒளிஞ்சுக்கற இடம், பல சமயம் ரெண்டும் ஒண்ணா இருக்கும். 1983ல கலிஃபோர்னியால மெக்மார்ட்டின்னு ஒரு மழலையர் பள்ளி நடத்தினவங்க மேல குழந்தைகள வச்சு சாத்தான் சடங்கு பண்ணாங்கன்னு புகார் கிளம்புச்சு, டிவியும் பேப்பரும் விசாரணைக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதிட்டாங்க, 1990ல கேஸ் முடியறப்ப ஒருத்தர் மேல கூட குற்றம் நிரூபணம் ஆகல. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்ல வேலை பார்த்த டேவிட் ஷா, தன் பேப்பர் உட்பட எல்லாரும் எப்படி கும்பலோட ஓடினாங்கன்னு விளக்கி எழுதி 1991ல பத்திரிகையாளர்களுக்கான புலிட்சர் பரிசு வாங்கினார். இத உங்க அண்ணாகிட்ட சொன்னா சந்தோஷப்படுவார். ஆனா இன்னொரு கதையும் இருக்கு. 1992ல பாஸ்டன் நகரத்தோட கத்தோலிக்க பேராயரா இருந்த கார்டினல் பெர்னார்ட் லா, குழந்தைகள துன்புறுத்தின ஒரு பாதிரியார பத்தி செய்தி வந்தப்ப, மீடியா மேல, குறிப்பா பாஸ்டன் குளோப் பேப்பர் மேல, கடவுளோட சக்தி இறங்கட்டும்னு பொது இடத்துல பேசினார். நல்ல விசுவாசிங்க நிறைய பேர் அத நம்பியிருப்பாங்க, நம்ம மதத்த தாக்கறாங்கன்னு. 2002ல அதே குளோப், லாவோட பொறுப்புல இருந்த மறைமாவட்டம் எத்தனை வருஷமா எத்தனை பாதிரியார்கள இடம் மாத்தி மாத்தி காப்பாத்துச்சுன்னு ஆவணத்தோட வெளியிட்டுது, அந்த டிசம்பர்ல லா பதவி விலகினார். கணக்கு கேக்கறதும் அதுவும் ஒண்ணுன்னு சொல்ல வரல. "வெளியில இருந்து தாக்கறாங்க"ங்கற வாக்கியம் உண்மையா இருந்தாலும் பொய்யா இருந்தாலும், உள்ள இருக்கறவங்க வாய அடைக்கறதுக்கு அது ஒரே மாதிரிதான் பயன்படும்.

உங்க அமைப்புக்கு நடந்துட்டிருக்கற பெரிய சேதம் இதுதான்னு நினைக்கறேன், மீம் இல்ல. வெளியில ஒதுக்கப்படறவங்க உள்ள இன்னும் இறுக்கமா ஒட்டிக்குவாங்க, அது இயல்பு, அதுல ஆறுதலும் உண்டு, அந்த வாரக் கூட்டம்தான் உங்களயே நிமிர்த்தி வச்சிருக்கும். ஆனா அந்த இறுக்கத்துல மொதல்ல மூச்சு முட்டறது சந்தேகம் கேக்கறவங்களுக்கு. சாதாரண நாள்ல "கணக்க கொஞ்சம் காட்டுங்க அண்ணா"ன்னு கேட்டா அது ஒரு கேள்வி. இப்ப கேட்டா எதிரிக்கு ஆயுதம். அவர் கேட்டது வீடியோ வர்றதுக்கு முன்னாடி, ஒதுக்கினதும் அதுக்கு முன்னாடி, அப்ப எந்த சேனலும் தாக்கல. இந்த தேதி வரிசைய மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க, உங்களுக்கு பாதி தெளிவு வந்துடும்.

அதனால நீங்க என்ன பண்ணலாம். வாட்ஸ்அப் குரூப்ல எழுதாதீங்க, அது ஸ்க்ரீன்ஷாட்டா வெளிய போகும், உள்ளயும் உங்க மேல பாயறதுக்கு பார்வையாளர் கூட்டம் இருக்கும். நீங்க நம்பற ரெண்டு மூணு பேரோட மொதல்ல பேசுங்க, உங்கள மாதிரி வாய மூடிட்டு இருக்கறவங்க இருப்பாங்க, நிச்சயமா. அப்புறம் பொறுப்புல இருக்கறவங்கள நேர்ல பார்த்து, அந்த மனுஷன பத்தி பேசாம, கேள்வியப் பத்தி பேசுங்க: வரவு செலவ வெளி ஆடிட்டர் பார்த்த அறிக்கை இருக்கா, உறுப்பினருக்கு எப்ப காட்டுவீங்க. நல்ல அமைப்புன்னா சங்கடப்படுவாங்க, தடுமாறுவாங்க, டைம் கேப்பாங்க, ஆனா ஒரு தேதி சொல்லுவாங்க. "உங்களுக்கு பக்தி குறைஞ்சிருக்கு", "யார் உங்கள பேச வச்சாங்க"ன்னு பதில் வந்தா, கேட்டது பணத்த பத்தி, கிடைச்ச பதில் உங்க மனசப் பத்தி. இந்த வித்தியாசத்த ஞாபகம் வச்சுக்கோங்க. அந்த வகை பதில ஒரு அமைப்புல நான் கேட்டா எனக்கு டிவி வீடியோவ விட அதுதான் கவலையா இருக்கும்.

உங்க வீட்டுக்காரர் சொல்றது உங்க மேல இருக்கற அக்கறைலதான், ஆனா இப்ப விடாதீங்க, இப்ப இருந்தே தீருவேன்னும் சபதம் பண்ணாதீங்க. அடி விழுந்துட்டிருக்கறப்ப போனா பயத்துல போன மாதிரி இருக்கும், இருந்தா வீம்புல இருந்த மாதிரி இருக்கும். ஆடிட் கேள்விக்கு வர்ற பதில வச்சு முடிவு பண்ணுங்க, அவர்கிட்டயும் அத அப்படியே சொல்லி ஒரு கால அளவு கேட்டுக்கோங்க. தியானம் பண்றத நிறுத்த வேண்டிய அவசியமே இல்ல, அதுக்கு யாரோட அனுமதியும் வேண்டாம், வீட்லயே உக்காரலாம். தூக்கம் மட்டும் ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே இருந்தா, இல்ல நெஞ்சு படபடப்பு, காரணமில்லாம அழுகைன்னு சேர்ந்துச்சுன்னா, நேர்ல ஒரு ஆலோசகர பாருங்க, தியானத்துல சரியாயிடும்னு தள்ளாதீங்க.

போன் பண்ணலாமான்னு கேட்டீங்க. பண்ணுங்க. அமைப்புக்கு சொல்லிட்டு பண்ணணும்னு இல்ல, மறைச்சு பண்ணணும்னும் இல்ல, கேட்டா ஆமாம்னு சொல்லுங்க. அவர சமாதானப்படுத்தி போஸ்ட்ட எடுக்க வைக்கறதுக்காக பண்ணாதீங்க, அப்படி யாராவது உங்கள தூது அனுப்பினா மறுத்துடுங்க. "நீங்க கணக்கு கேட்டப்ப நான் அங்கதான் இருந்தேன், ஒண்ணும் சொல்லல, எப்படி இருக்கீங்கன்னு கேக்கத்தான் பண்ணேன்" இவ்ளோ போதும். அவர் திட்டலாம், எடுக்காமலும் போகலாம், எடுக்கலைன்னா இதையே ஒரு மெசேஜா போட்டு விட்டுடுங்க. எடுத்து பேசினா, அமைப்ப காப்பாத்தற மாதிரி எதுவும் நடுவுல சொல்லாம, அவர் முடிக்கற வரைக்கும் கேளுங்க.